டாவி சிகிச்சையில் கரோனரி தமனி அடைப்பு: இதய மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: இந்திய இதயவியல் சங்கத்தின் பொறுப்பாளர்கள், இதய அறுவை மருத்துவர்கள், டாவி சிகிச்சை அளிக்கும் மருத்துவமனைகளின் இதயக் குழுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். கதீட்டர் வழியாகப் பெருநாடி வால்வு பொருத்தும் டாவி சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறவர்களின் இதய சிடி படங்களை அளந்து அறிக்கை எழுதுவது என் அன்றாட வேலை. அந்த வேலையின் ஊடே என் மனத்தில் உறுதிப்பட்ட ஒரு வேண்டுகோளை உங்கள் முன் வைக்கவே இம்மடலை எழுதுகிறேன். புதிய வால்வு விரியும் நேரத்தில் கரோனரி தமனியின் வாய் அடைபட்டுப் போவதை, நேர்ந்த பின் போராடிச் சமாளிக்கும் விபத்தாக நாம் நடத்தக் கூடாது. நோயாளி மேசையில் படுப்பதற்கு முன்பே அளந்து, முடிவெடுத்து, எழுத்தில் பதிந்து, நோயாளியிடமும் சொல்லிவிட வேண்டிய ஒன்றாக எல்லா மருத்துவமனைகளும் அதை நடத்த வேண்டும். அதற்கான பொது நெறி உங்களிடமிருந்து வர வேண்டும்.

நோயாளிகளும் அவர்களுடைய குடும்பத்தாரும் இதைப் படிக்கக் கூடும் என்பதால், உங்களுக்கு நன்கு தெரிந்த சிலவற்றையும் இங்கே விளக்க வேண்டியிருக்கிறது. பிரான்சின் ரூவான் நகரில் 2002 ஏப்ரல் 16 அன்று அலன் கிரிபியே ஒரு மனிதருக்கு முதன்முறையாகக் கதீட்டர் வழியே பெருநாடி வால்வைப் பொருத்தினார். நெஞ்சைத் திறந்து செய்யும் அறுவையில் சுண்ணாம்பு படிந்த பழைய இதழ்களை அறுத்து எடுத்துவிட்டுத்தான் புதிய வால்வைத் தைக்கிறார்கள். டாவியில் பழைய இதழ்கள் உள்ளேயே இருக்கின்றன. புதிய வால்வின் உலோகச் சட்டம் விரியும்போது அவை பெருநாடியின் சுவரை நோக்கித் தள்ளப்படுகின்றன. இதயத் தசைக்கு இரத்தம் கொடுக்கும் இரண்டு கரோனரி தமனிகளும் கிளம்புவது அதே சுவரிலிருந்துதான், வால்வு வளையத்துக்குச் சற்று மேலே. முழுதாகத் திறந்த கதவு பக்கத்துச் சன்னலை மூடிவிடுவதைப் போல, தள்ளப்பட்ட இதழ் தமனியின் வாயை மூடிவிடலாம். இதழ் நேராகத் தமனியின் வாயில் படியாவிட்டாலும்கூட, அதன் மேல் நுனி, சைனஸ் (பெருநாடியின் தொடக்கத்தில் ஒவ்வோர் இதழுக்கும் பின்னால் சுவர் புடைத்திருக்கும் பகுதி) முடிந்து பெருநாடிக் குழாய் குறுகும் இடத்தைத் தொட்டுவிட்டால் அந்தச் சைனஸ் முழுவதுமே இரத்தம் நுழையாத பையாகிவிடுகிறது. பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இடது கரோனரி. அது அடைபட்டால் இரத்த அழுத்தம் சட்டென்று சரிகிறது, இசிஜி மாறுகிறது, சிகிச்சை நடக்கும் கேத் லேபில் இருப்பவர்களுக்குச் சில நிமிடங்களே கிடைக்கின்றன.

இது அரிதாக நிகழ்வது என்பதை நான் மறுக்கவில்லை. 2013-ல் வெளிவந்த ரிபெய்ரோ குழுவினரின் பன்னாட்டுப் பதிவேட்டில் 6,688 டாவி நோயாளிகளில் 44 பேருக்கு, அதாவது 0.66 விழுக்காட்டினருக்கு, இந்த அடைப்பு ஏற்பட்டது. அரிது என்ற சொல்லோடு நாம் நின்றுவிடக் கூடாது என்பதற்கான காரணமும் அதே பதிவேட்டில் இருக்கிறது: அந்த 44 பேரில் ஏறத்தாழ 41 விழுக்காட்டினர் 30 நாட்களுக்குள் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வளையத்திலிருந்து அவர்களுடைய இடது கரோனரி வாயின் உயரம் சராசரியாக 10.6 மில்லிமீட்டர், அடைப்பு நேராதவர்களிடம் அது 13 மில்லிமீட்டருக்கு மேல். சைனஸின் அகலமும் அவ்வாறே குறுகலாக இருந்தது. உயரம் 12 மில்லிமீட்டருக்குக் கீழும் சைனஸ் 30 மில்லிமீட்டருக்குக் கீழும் இருந்தால் எச்சரிக்கையாக இருங்கள் என்ற விதி அங்கிருந்து வந்ததுதான். சிறிய உடல்வாகும் சிறிய பெருநாடி வேரும் (பெருநாடி இதயத்திலிருந்து கிளம்பும் பகுதி) கொண்ட பெண்கள் நம் புறநோயாளிப் பிரிவுகளில் எத்தனை பேர் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

முன்பே அறுவை செய்து உயிர்த்திசு வால்வு வைத்துக்கொண்டவர்களுக்கு, அது தேய்ந்த பிறகு அதற்குள்ளேயே இன்னொரு வால்வைப் பொருத்தும்போது நிலைமை மேலும் கடுமையாகிறது. வால்வுக்குள் வால்வு பொருத்தியவர்களைப் பதியும் விவிட் என்ற பன்னாட்டுப் பதிவேட்டிலிருந்து 2018-ல் வந்த ஆய்வில் இத்தகைய 1,612 சிகிச்சைகளில் 37 பேருக்கு, அதாவது 2.3 விழுக்காட்டினருக்கு, கரோனரி அடைப்பு நேர்ந்தது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் 30 நாட்களுக்குள் இறந்தனர். எல்லா உயிர்த்திசு வால்வுகளும் இதில் ஒன்றல்ல. இதழ்கள் சட்டத்தின் உள்ளே தைக்கப்பட்ட வால்வுகளில் அபாயம் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. மிட்ரோஃப்ளோ, டிரைஃபெக்டா போல இதழ்கள் சட்டத்தின் வெளிப்புறம் சுற்றப்பட்டவற்றில் அது 6 விழுக்காட்டை ஒட்டி ஏறுகிறது. சட்டமே இல்லாத வால்வுகளும் அபாயம் கூடியவையே.

இந்தியாவில் இனிவரும் ஆண்டுகளில் இதுவே பெரிய கேள்வியாக இருக்கும் என்று நினைக்கிறேன். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் உருவாக்கிய சித்ரா வால்வு 1990 முதல் நம் ஏழை நோயாளிகள் பலரை வாழ வைத்திருக்கிறது. அது இயந்திர வால்வு என்பதால் அதற்குள் மற்றொரு வால்வை வைக்கும் பேச்சே எழாது. ஆனால் இயந்திர வால்வு வைத்துக்கொண்டவர் ஆயுள் முழுவதும் இரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரை சாப்பிட வேண்டும், இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனையும் விடாமல் செய்துகொள்ள வேண்டும். அந்தப் பரிசோதனைக்கு அரை நாள் பேருந்தில் போய்வர வேண்டிய ஊர்களில் இருப்பவர்களுக்கும், குழந்தை பெற விரும்பும் இளம்பெண்களுக்கும் திசு வால்வு வைக்கும் வழக்கம் நியாயமான காரணங்களோடுதான் வளர்ந்தது. ருமாட்டிக் காய்ச்சலால் இதயம் பாதிக்கப்பட்டு இளவயதிலேயே வால்வு மாற்றிக்கொண்டவர்கள் மேலைநாடுகளைவிட இங்கே அதிகம். வயது குறையக் குறையத் திசு வால்வு தேய்வதும் விரைவு. ஆக, சிறிய வேரில் தைத்த சிறிய திசு வால்வோடு ஐம்பதிலும் அறுபதிலும் நம்மிடம் திரும்பி வருகிறவர்களின் வரிசை நீண்டுகொண்டே போகும். மறு அறுவைக்கு அஞ்சி அவர்கள் கேட்பது கதீட்டர் வழியைத்தான்.

அவர்கள் கையில் என்ன கொண்டுவருகிறார்கள் என்று பாருங்கள். துணிக்கடைப் பையில், பிளாஸ்டிக் உறைக்குள் நான்காக மடித்த ஒரு டிஸ்சார்ஜ் சம்மரி. மடிப்பில் எழுத்து அழிந்திருக்கும். "பெருநாடி வால்வு மாற்று அறுவை செய்யப்பட்டது, திசு வால்வு" என்பதோடு வரி முடிந்திருக்கும். எந்த நிறுவனத்தின் எந்த மாதிரி, எத்தனை மில்லிமீட்டர் என்பது இருக்காது. அறுவை நடந்த இடத்தில் பழைய கோப்புகள் அழிக்கப்பட்டுவிட்டன என்ற பதில் வரும். அதன் பிறகு சிடி படத்தில் தெரியும் உலோகச் சட்டத்தின் வடிவத்தையும் வளையத்தின் உள்விட்டத்தையும் வைத்து அது எந்த வால்வாக இருக்கும் என்று ஊகிக்கிறோம். படத்தில் சட்டமே தெரியாத வால்வு என்றால் அந்த ஊகத்துக்கும் வழியில்லை. இதழ் உள்ளே தைக்கப்பட்டதா, வெளியே சுற்றப்பட்டதா என்ற ஒரே விவரம் அபாயத்தை ஆறேழு மடங்கு மாற்றக்கூடியது என்று பதிவேடு சொல்லும்போது, அந்த விவரம் ஒரு தாளின் மடிப்பில் தொலைந்துபோவதை நாம் பொறுத்துக்கொள்ளலாகாது. இது பணம் அதிகம் கேட்கிற சீர்திருத்தம் அல்ல. வால்வுப் பெட்டியிலேயே ஒட்டுச்சீட்டு வருகிறது. அதை அறுவைக் குறிப்பில் ஒட்டுவதோடு, வால்வின் பெயர், மாதிரி, அளவு, வரிசை எண் ஆகியவற்றை டிஸ்சார்ஜ் சம்மரியில் தட்டச்சு செய்து, நோயாளி தன் அடையாள அட்டைகளோடு வைத்துக்கொள்ளும்படி ஓர் அட்டையாகவும் கொடுத்துவிடலாம்.

அறுவை மருத்துவர்களிடம் இன்னொன்றையும் பணிவோடு கேட்கிறேன். முதல் அறுவையின்போதே இரண்டாவது வால்வைப் பற்றி நினையுங்கள். சிறிய வேர் உள்ளவருக்கு வேரை விரிவாக்கிப் பெரிய வால்வைத் தைத்தால், பிற்காலத்தில் அதற்குள் இன்னொன்றைப் பொருத்த இடம் இருக்கும். நேரம் கூடும், இரத்தக் கசிவின் கவலை கூடும் என்பது உண்மை. வயது முதிர்ந்த எல்லோருக்கும் அது தேவைப்படுவதுமில்லை. ஆனால் ஐம்பது வயதுப் பெண்ணுக்கு 19 மில்லிமீட்டர் வால்வு வைத்து அனுப்பும்போது அவருடைய அடுத்த சிகிச்சைக்கான வழிகள் பெரிதும் குறுகிவிடுகின்றன என்பதையும் சேர்த்து எடைபோட வேண்டும்.

இனி, என் துறைக்குரிய பகுதிக்கு வருகிறேன். இசிஜியோடு ஒத்திசைத்து மெல்லிய வெட்டுகளாக எடுத்த சிடி படத்தில், பொருத்தப்போகும் வால்வின் விட்டத்துக்குச் சமமான ஓர் உருளையைக் கணினியில் வரைந்து பழைய வால்வுக்குள் நிறுத்துகிறோம். அந்த உருளையின் விளிம்பிலிருந்து கரோனரி வாய்க்கு ஒரு கோடு இழுக்கிறோம். வி.டி.சி. என்று நாங்கள் அழைக்கும் அந்தக் கோட்டின் நீளம் 4 மில்லிமீட்டருக்குக் கீழே வந்தால் அபாயம் அதிகம். 6-க்கு மேல் என்றால் பொதுவாகக் கவலையில்லை. இடைப்பட்டவற்றை மற்ற அளவுகளோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். உருளையை ஒரு பக்கம் சற்றே சாய்த்தால்கூட அந்த எண் மாறும். பழைய வால்வு வேரின் நடுவில் நேராக நிற்காமல் இடது கரோனரியை நோக்கிச் சாய்ந்திருப்பதை அடிக்கடி பார்க்கிறோம். உருளையைப் படத்தின் மையத்தில் வைத்துவிட்டு 5 என்று எழுதுவதும், உண்மையான சாய்வில் வைத்து 3 என்று எழுதுவதும் ஒரே நோயாளியை இரு வேறு சிகிச்சைகளுக்கு அனுப்பிவிடும். இதழ் எவ்வளவு நீளம், அது தமனி வாயின் உயரத்தைத் தாண்டுகிறதா, அதன் நுனியில் சுண்ணாம்புக் கட்டி இருக்கிறதா, சைனஸுக்கு மேலே குழாய் குறுகும் இடத்தில் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே 2 மில்லிமீட்டராவது மிஞ்சுகிறதா என்பவையும் அறிக்கையில் இருந்தாக வேண்டும்.

ஆனால் எங்களுக்கு வரும் கோரிக்கைச் சீட்டுகளில் பல, வளையத்தின் அளவையும் தொடைத் தமனியின் விட்டத்தையும் மட்டுமே கேட்கின்றன. எந்த வால்வு வாங்குவது, எந்த வழியாக நுழைவது என்ற இரண்டு கேள்விகளுக்கு அவை போதும். கரோனரிக்கு என்ன ஆகும் என்ற கேள்விக்குப் போதாது. ஆகவே என் முதல் வேண்டுகோள் மிக எளியது. டாவிக்கு முந்தைய சிடி அறிக்கைக்கு நாடு முழுவதற்கும் ஒரே படிவத்தை இந்திய இதயவியல் சங்கம் வெளியிட வேண்டும். இரு கரோனரிகளின் உயரம், மூன்று சைனஸ்களின் அகலம், இதழ்களின் நீளம், பழைய வால்வு இருந்தால் வி.டி.சி. ஆகியவை நிரப்பப்படாத அறிக்கையை முழுமையற்றது என்று இதயக் குழு திருப்பி அனுப்ப வேண்டும். எந்த விட்டமுள்ள வால்வைக் கொண்டு கணக்கிட்டார்கள் என்பதும் அதில் இருக்க வேண்டும். குஜராத்தின் வாபியில் தயாராகும் மைவால் போன்ற டாவி வால்வுகள் இடைநிலை அளவுகளிலும் கிடைப்பதால், ஒன்றரை மில்லிமீட்டர் வேறுபாட்டில் முடிவு மாறக்கூடிய நோயாளிகள் இருக்கிறார்கள்.

அளந்து எழுதுவதோடு என் பொறுப்பு முடிகிறது. உங்களுடையது அங்கே தொடங்குகிறது. அபாயம் அதிகம் என்று தெரிந்த நோயாளிக்கு நான்கு வழிகள் இருக்கின்றன: தமனியைக் காக்கும் ஏற்பாட்டோடு டாவி, இதழைக் கிழித்துவிட்டு டாவி, மறு அறுவை, அல்லது எதுவும் செய்யாமல் மருந்தோடு இருப்பது. இவற்றில் எதைத் தேர்ந்தீர்கள், ஏன் தேர்ந்தீர்கள் என்பது நோயாளியின் கோப்பில் இரண்டு வரியாவது எழுதப்பட வேண்டும்.

காப்பு ஏற்பாடு பலருக்கும் கைவந்தது. வால்வை விரிப்பதற்கு முன்பே கரோனரிக்குள் ஒரு கம்பியைச் செலுத்தி, விரிக்காத ஸ்டென்டைத் தயாராக நிறுத்திவைக்கிறீர்கள். அடைப்பு நேர்ந்தால் அதைப் பின்னுக்கு இழுத்து, வால்வுச் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே புகைபோக்கி மாதிரி நிறுத்தி விரிக்கிறீர்கள். 12,800 டாவி சிகிச்சைகளிலிருந்து திரட்டிய ஒரு பன்னாட்டுப் பதிவேட்டில் 60 பேருக்கு இவ்வாறு ஸ்டென்ட் வைக்க நேர்ந்தது. முன்னேற்பாடாகக் கம்பி போடப்படாதவர்களே மரணத்துக்கும், இதயம் இரத்தத்தைப் போதிய அளவு செலுத்த முடியாத அதிர்ச்சி நிலைக்கும் அதிகம் ஆளானார்கள் என்பது அதன் முக்கியமான செய்தி. வால்வு விரிந்த பிறகு, சட்டத்தின் கண்ணிகளின் ஊடே, இரத்த அழுத்தம் விழுந்துகொண்டிருக்கும்போது தமனியின் வாயைத் தேடுவது வேறு. வழி ஏற்கெனவே போடப்பட்டிருப்பது வேறு. அதே சமயம், அந்த ஸ்டென்ட் ஒரு பக்கம் உலோகச் சட்டமும் மறுபக்கம் சுவருமாக நெருக்கப்பட்டே ஆயுள் முழுவதும் இருக்கும். அதில் இரத்தம் உறையலாம். பிற்காலத்தில் ஆஞ்சியோ செய்ய வேண்டி வந்தால் உள்ளே நுழைவதும் கடினம். எண்பத்தைந்து வயதுக்காரருக்கு ஏற்கத்தக்க இந்தத் தீர்வு அறுபது வயதுக்காரருக்கு அவ்வளவு எளிதாக ஏற்கத்தக்கதல்ல.

இதழையே பிளந்து விடும் பசிலிகா முறையை அமெரிக்காவின் தேசிய இதய, நுரையீரல், இரத்த நிறுவனத்தில் ஜாஃபர் கான், ராபர்ட் லெடர்மன் ஆகியோர் தம் குழுவினரோடு உருவாக்கினர். மனிதர்களிடம் செய்த முதல் அனுபவம் 2018-ல் வெளியானது. கரோனரிக்கு நேரே உள்ள இதழின் அடியில் மின்னூட்டிய கம்பியால் துளையிட்டு, மறுபக்கம் சுருக்குக் கண்ணியால் அந்தக் கம்பியைப் பிடித்து, இரு முனைகளையும் இழுத்து மின்சாரம் செலுத்தும்போது இதழ் அடியிலிருந்து நுனிவரை பிளக்கிறது. பிறகு வால்வு விரியும்போது பிளவு அகன்று, அதன் வழியே தமனிக்கு இரத்தம் போகிறது. 30 பேரைக் கொண்ட அதன் முதல் ஆய்வில் 28 பேருக்கு முறை வெற்றியடைந்தது, ஒருவருக்கும் கரோனரி அடைபடவில்லை. ஆனால் மூவருக்குப் பக்கவாதம் வந்தது, அவர்களில் ஒருவருக்கு அது முடக்கும் அளவிலானது. பின்னர் 214 பேரைக் கொண்ட பன்னாட்டுப் பதிவேட்டில் பக்கவாதம் 2.8 விழுக்காடாக இருந்தது. பகுதியாகவோ முழுமையாகவோ கரோனரி அடைபட்டது 4.7 விழுக்காடு. ஆகவே இதுவும் முழுக் காப்பு அல்ல. பிளவு தமனிக்கு நேரே விழாவிட்டாலும், புதிய வால்வின் தூண் அந்தப் பிளவின் முன்னே வந்து நின்றாலும், இதழ் தடித்த சுண்ணாம்பாக இருந்தாலும் பயன் குறைகிறது. இதழ் பிளந்ததும் இரத்தம் பின்னோக்கிப் பாய்வதால், அடுத்த சில நிமிடங்களில் வால்வைப் பொருத்திவிடும் வேகமும் குழுவுக்கு வேண்டும்.

இதழைப் பிளப்பதற்கென்றே செய்யப்பட்ட ஷார்ட்கட் என்ற கருவிக்கு 2024-ல் அமெரிக்கா அனுமதி அளித்தது. கருவி நம் நாட்டுக்கு வரும்வரை காத்திருப்போம் என்றோ, வந்ததும் எல்லோரும் செய்யலாம் என்றோ யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது என்பது என் கருத்து. ஆண்டுக்கு ஒன்றிரண்டு பேருக்கு மட்டும் இதைச் செய்யும் இடத்தில் கை பழகாது. மண்டலத்துக்கு ஓரிரு மையங்களைத் தேர்ந்து, அங்கே குழுக்களைப் பயிற்றுவித்து, இத்தகைய நோயாளிகளை மற்ற மருத்துவமனைகள் அங்கே அனுப்பிவைக்கும் ஏற்பாட்டைச் சங்கம் உருவாக்க வேண்டும். அனுப்பிவைப்பதைத் தோல்வி என்று எண்ணும் மனநிலை நம்மிடம் இருக்கிறது. தனியார் மருத்துவமனைகளின் போட்டியில் அது இன்னும் அழுத்தம் பெறுகிறது. வி.டி.சி. 3 மில்லிமீட்டர் உள்ள ஒருவரை வேறொரு மையத்துக்கு அனுப்பும் மருத்துவர் தன் நோயாளிக்குச் செய்யக்கூடிய மிகச் சிறந்த காரியங்களில் ஒன்றைச் செய்கிறார் என்றே நான் நம்புகிறேன்.

நோயாளியிடம் பேசுவது பற்றியும் சொல்லியாக வேண்டும். "தொடை வழியாக, தையல் இல்லாமல், மூன்றே நாளில் வீட்டுக்கு" என்றே டாவியைப் பற்றி மக்கள் கேள்விப்படுகிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு அது உண்மையாகவும் ஆகிறது. அபாயம் கூடியவர் என்று படத்தில் தெரிந்தவரிடமும் அதே வாக்கியத்தைச் சொல்லிக் கையெழுத்து வாங்குவது முறையல்ல. "உங்கள் இதயத் தமனி வால்வுக்கு மிக அருகில் இருக்கிறது, வால்வு வைக்கும்போது அது அடைபட வாய்ப்புண்டு, அதற்காக இன்ன ஏற்பாடு செய்திருக்கிறோம், அதையும் மீறினால் பைபாஸ் அறுவையோ, இதயத்தின் வேலையைத் தற்காலிகமாகச் செய்யும் எக்மோ கருவியோ தேவைப்படலாம், வேறு வழி இன்னது" என்று தமிழில் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். பல இலட்சம் ரூபாய்க்கு நிலத்தையோ நகையையோ விற்று வருகிற குடும்பம், எதற்குச் சம்மதிக்கிறோம் என்று தெரிந்தே சம்மதிக்க வேண்டும்.

வீட்டுக்கு அனுப்பும்போதும் ஒரு வார்த்தை தேவை. அடைப்பு உடனே மட்டுமே வரும் என்பதில்லை. 17,092 பேரை ஆராய்ந்து 2018-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில் 38 பேருக்கு அது தாமதமாக வந்தது. ஏறத்தாழ பாதிப் பேருக்கு முதல் 24 மணி நேரத்துக்குள், சிலருக்கு இரண்டு மாதங்களுக்கும் பிறகு. அவர்களில் பாதிப் பேர் மருத்துவமனையிலேயே இறந்தனர். ஆகவே அபாயம் கூடியவரிடம், நெஞ்சு வலியோ மூச்சுத்திணறலோ மயக்கமோ வந்தால் ஊர் மருத்துவரிடம் வாயுக்கோளாறு மாத்திரை வாங்கிக்கொண்டு காத்திராமல் உடனே இசிஜி வசதியுள்ள இடத்துக்குப் போக வேண்டும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். டாவி செய்யப்பட்டவர் என்பதும் கரோனரி அபாயம் உள்ளவர் என்பதும் நான் முன்பு சொன்ன வால்வு விவர அட்டையிலேயே இருந்தால், நள்ளிரவில் அவரைப் பார்க்கும் பயிற்சி மருத்துவருக்கும் வழி புலப்படும்.

கடைசியாக, பதிவேடு. இம்மடலில் நான் எடுத்துக்காட்டிய எண்கள் எல்லாம் வெளிநாட்டவர் முன்னின்று திரட்டியவை. நம் நோயாளிகளின் வேர் அளவும், வயதும், முதல் வால்வின் வகையும் அவற்றிலிருந்து வேறுபடும்போது, 12 என்றும் 30 என்றும் 4 என்றும் உள்ள எல்லைகள் நமக்கும் அப்படியே பொருந்துமா என்பதை நம் தரவு இல்லாமல் யாராலும் சொல்ல முடியாது. அடைப்பு நேர்ந்தவர்களை மட்டுமல்லாமல், அபாயம் என்று கணித்துக் காப்பு ஏற்பாட்டோடு செய்து நலமாகத் திரும்பியவர்களையும், அபாயம் என்பதாலேயே டாவி மறுக்கப்பட்டவர்களையும் சேர்த்து, மருத்துவமனையின் பெயரை வெளியிடாமல் பதியும் ஒரு தேசியப் பதிவேட்டைச் சங்கம் தொடங்க வேண்டும். மருத்துவமனையின் பெயருக்குக் களங்கம் வராது என்ற உறுதி இருந்தால் மட்டுமே மருத்துவர்கள் நடந்ததை நடந்தபடி எழுதுவார்கள். சிடி படங்களைப் பெயர் நீக்கி ஒரே முறையில் மறுபடி அளந்து தரும் பணிக்கு என்னைப் போன்ற கதிரியக்க மருத்துவர்கள் பலர் ஊதியம் எதிர்பாராமல் முன்வருவார்கள், நான் வருகிறேன்.

சிடி அறிக்கைப் படிவத்துக்குத் தனிக் குழுவோ நிதியோ தேவையில்லை. சங்கத்தின் அடுத்த செயற்குழுவிலேயே அதை முடிவு செய்துவிடலாம். மற்றவற்றுக்குக் காலம் பிடிக்கும் என்பதை அறிவேன். படிவத்தை மட்டுமாவது இந்த ஆண்டுக்குள் வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
இதய சிடி அறிக்கை எழுதும் ஒரு கதிரியக்க மருத்துவர்,
சென்னை